துயரம்: ஐம்பது சொற்களுக்குள்

ஜனவரி 6, திங்கள்

இந்த டைரியைப் பள்ளியில் இன்று கொடுத்தார்கள். பிளஸ் டூ படிக்கிற எல்லோருக்கும் ஆளுக்கொன்று. கொடுத்த புண்ணியவான் 'புதுவாசல் அறக்கட்டளை'த் தலைவர் ரத்தினசபாபதி. அட்டையில் அவர் சிரிக்கிறார். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் அவர் உதிர்த்த பொன்மொழிகள். அவற்றின் மேல் மை பூசிவிட்டுத்தான் எழுதுகிறேன். பத்துப் பக்கத்துக்கே பாதி ரீஃபில் காலி.

டைரியோடு ஒரு படிவம். சோதனைகளை வென்ற மாணவர் ஒருவருக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி சீட்டும் மூன்று வருட விடுதியும் தருவார்களாம். பள்ளிக்கு ஒருவர்தான். பதினான்காவது கேள்வி: 'நீங்கள் தாண்டி வந்த துயரம் (ஐம்பது சொற்களுக்குள்)'. துயரத்துக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள். ஐம்பத்தொன்றாவது சொல்லில் அழுதால் தகுதி போய்விடும் போலிருக்கிறது.

நான் 'இல்லை' என்று எழுதினேன். உண்மையைத்தானே எழுத வேண்டும்? பெயர் லோகேஸ்வரி, கணக்கில் வகுப்பில் முதல், கை கால் நன்றாக இருக்கிறது, அப்பா அம்மா இருக்கிறார்கள்.

பக்கத்தில் இருந்த ஜீவிதா படிவத்தைப் பிடுங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா நாங்கள் பத்தாவது படிக்கும்போது விபத்தில் இறந்துபோனார். அதை அவள் நாற்பத்தேழு சொற்களில் முடித்திருந்தாள்.

"மிச்சம் மூணு வார்த்த இருக்குடி. வேணும்னா நீ எடுத்துக்க" என்றாள்.

இப்படிப் பேசுவதால்தான் அவளை எனக்குப் பிடிக்கும்.

ஜனவரி 9, வியாழன்

காலை ஐந்திலிருந்து எட்டு வரை தறி. அம்மாவுக்கு எட்டு விசைத்தறி. அதில் நான்கை நான் பார்த்துக்கொண்டால்தான் அவள் சோறாக்கித் துணி துவைத்துவிட்டு வர முடியும். நூல் தீர்ந்தால், குறுக்கே ஓடுகிற நாடாவை எடுத்து அதற்குள் இருக்கும் நூல் குச்சியான தாரை மாற்ற வேண்டும். இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். கழுதைக்குக்கூட இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம், கழுதைக்கு விரல்தான் இல்லை.

பட்டறையில் மொத்தம் இருபத்துநான்கு தறி. அம்மா, தெய்வானை அத்தை, பழனியம்மாள் அக்கா, மூன்று பேரும் ஆளுக்கு எட்டு. அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்குப் போகாது. அதனால் யாரும் கத்துவதில்லை, உதட்டை அசைப்பதோடு சரி. இந்தக் கோடித் தறியிலிருந்து அந்தக் கோடித் தறிக்கு, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதுவரை போய்ச் சேர்ந்துவிடும். முதலாளிக்கு இந்த வித்தை தெரியாது. அவர் எதிரிலேயே அவருடைய தொப்பையைப் பற்றிப் பேசுவோம். அவரும் 'நல்ல பெண்கள், வாயே திறப்பதில்லை' என்று நினைத்துக்கொண்டு போவார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தறிக்கு லீவு. ஊரே அமைதியாகிவிட்டது என்று எல்லோரும் சிலாகித்தார்கள். எனக்கு ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தறி நின்றாலும் காதுக்குள் அது ஓடிக்கொண்டுதானே இருக்கும்? எல்லோருக்கும் அப்படித்தான். அமைதி என்று சொல்லிக்கொண்டால் நாகரிகமாக இருக்கும் போலிருக்கிறது.

ஜனவரி 22, புதன்

எங்கள் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி ஒரு குறிப்பு. இயற்பியல் சார் கரும்பலகையைப் பார்த்துத்தான் பாடம் நடத்துவார். தேர்வில் கரும்பலகை கட்டாயம் பாஸாகிவிடும். தமிழ் ஐயா ஜன்னலோரம் நின்று வேப்பமரத்துக்கு இலக்கணம் சொல்கிறார். புதிதாக வந்த வேதியியல் டீச்சர் சுண்ணாம்புத் தூசி ஒத்துக்கொள்ளாதென்று மாஸ்க் போட்டுக்கொண்டே நடத்துகிறார். அவர் பாடத்தில் ஒரு வரிகூட எனக்கு ஏறவில்லை. இந்தக் காலத்தில் யாருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை, எல்லோரும் முணுமுணுக்கிறார்கள்.

கணக்கு வாசுகி டீச்சர் மட்டும் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பி நின்று பேசுவார். கணக்கை எழுதிவிட்டால் பேச்சே தேவையில்லை. அதற்காகவே கணக்கைக் கும்பிடலாம்.

மற்ற பாடங்களுக்கு ஜீவிதாவின் நோட்டை வாங்கி எழுதிக்கொள்கிறேன். அவள் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பொறுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

படிவத்தில் 'இல்லை' என்று எழுதியதற்குத் தலைமையாசிரியர் அறைக்கு அழைப்பு. "ஏம்மா, பள்ளிக்கூடத்து மானத்த வாங்கறியா? துயரம் இல்லாம எப்படிம்மா சீட்டு குடுப்பாங்க?" என்று குதித்தார். கடைசியில் அவரே ஐம்பது சொல் எழுதிச் சேர்த்துவிட்டார். 'குடிசை' என்று ஒரு சொல் இருந்தது. எங்கள் வீடு ஓட்டு வீடு. 'பசி' என்று ஒரு சொல் இருந்தது. காலையில் நான் ஆறு இட்லி சாப்பிட்டிருந்தேன்.

எங்கள் பள்ளியிலிருந்து கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர். ஜீவிதா, நான்.

அப்பா தறிகளுக்குப் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏற்றும் வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார். நேற்றே தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "சீட்டும் ஆஸ்டலும் கெடச்சா போ கண்ணு. நான் வேண்டாங்கல. இல்லீனா ஜூன் மாசத்திலிருந்து எட்டுத் தறியப் புடிச்சுக்கோ. மொதலாளி புதுசா எட்டுத் தறி போடறாரு, ஆளு கேட்டுட்டிருக்காரு."

தலையாட்டினேன். எட்டுத் தறியோடு நாற்பது வருடம். இன்று காலை பட்டறையில் தெய்வானை அத்தையைப் பார்த்தேன். அவர் குனிந்து நூலை முடிந்துகொண்டிருந்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

திருமண மண்டபத்தில் விழா. வாசலில் எங்கள் படங்களோடு பேனர். என் படத்தை மட்டும் கொஞ்சம் கறுப்பாக்கியிருந்தார்கள், சோகம் தெரிவதற்கு. முன்வரிசை விருந்தினர்களுக்கு ஆளுக்கொரு டிஷ்யூ பேப்பர் பொட்டலம். கண்ணீருக்கு முன்கூட்டியே ஏற்பாடு.

பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக மேடையேறி அவரவர் துயரத்தைச் சொல்ல வேண்டும். ஜீவிதா அழுதாள். நிஜமாகவே அழுதாள், எனக்குத் தெரியும். முன்வரிசையில் பொட்டலங்கள் பிரிந்தன.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையின் அந்தக் கோடியில் ரத்தினசபாபதியும் செயலாளரும் தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டார்கள். நான் நின்ற இடத்திலிருந்து முப்பதடி இருக்கும். தறிப்பட்டறையில் பிறந்தவளுக்கு முப்பதடி ஒரு தூரமா?

"தறிக்காரப் பொண்ணு எப்படி?" என்றார் தலைவர்.

"மூஞ்சில சோகமே இல்லீங்களே. சண்டைக்கு வந்தாப்ல நிக்குது. இந்தப் பொண்ணு நல்லா அழுவுது பாருங்க."

"அப்ப இதையே போட்டுருங்க. காப்பி வந்துருச்சா?"

அடுத்து நான். முடிவாகிவிட்ட பிறகு என்ன பயம்? விறுவிறுவென்று ஏறிப் பேசினேன். எனக்கு எந்தத் துயரமும் இல்லை, என் வீடு குடிசை இல்லை, கணக்கில் நான் நூற்றுக்கு நூறு எடுக்கிறவள், சீட்டு கொடுப்பதாக இருந்தால் அதற்குக் கொடுங்கள் என்றேன். தலைவர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நடுநடுவே ஏதோ தலையாட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை. கூட்டம் இரண்டு மூன்று தடவை சிரித்தது. நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் தலைமையாசிரியர் வந்து முழங்கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப் போனார். பொறாமை.

சீட்டு ஜீவிதாவுக்கு. ஆளுயர அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள், அவள் அதற்குப் பின்னால் மறைந்தே போனாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகைக்குச் சீட்டு கொடுக்கிற ஊரில் அழத் தெரிந்தவளிடம் எனக்கு என்ன பேச்சு?

மார்ச் 3, திங்கள்

தமிழ்த் தேர்வு. வேப்பமரம் எழுதியிருந்தால் என்னைவிட நன்றாக எழுதியிருக்கும்.

மார்ச் 25, செவ்வாய்

தேர்வுகள் முடிந்தன. கணக்கு நன்றாக எழுதியிருக்கிறேன். மற்றவற்றைப் பற்றி இந்த டைரியில் இடமில்லை. ஜீவிதாவோடு இன்னும் பேச்சு இல்லை. அவள் நோட்டில்லாமல் வேதியியலுக்கு நான் எப்படிப் படித்தேன் என்பதும் இங்கே வேண்டாம்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை மூடி வைத்தேன்.

காலை ஏழு மணிக்கு ஜீவிதா பட்டறைக்கே வந்துவிட்டாள், கையில் செய்தித்தாளில் கத்தரித்த ஒரு துண்டோடு. நான் தறியை நிறுத்தவில்லை. தறி ஓடினால் அவளால் பேச முடியாது என்ற தைரியம். அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பி, முகத்துக்கு நேராக நின்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசினாள். எட்டாவதிலிருந்து என்னோடு இருக்கிறாள், அதனால் அவளுக்கும் கொஞ்சம் பழக்கம்.

"அன்னிக்கு உன்னப் பாத்து எதுக்குச் சிரிச்சாங்கன்னு தெரியுமா? அந்தாளு மைக்குல மூணு தடவ கேட்டாரு, அப்பா என்ன பண்றாரு, வீட்ல எத்தன பேருன்னு. நீ பாட்டுக்குப் பேசிட்டே இருந்த. போதும் உக்காரும்மான்னாரு. அதுக்கும் பேசின. அதாண்டி சிரிச்சாங்க."

நான் அவளைத் தள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"உனக்குக் காது கேக்கலடி லோகு. எட்டாவதுலருந்தே எனக்குத் தெரியும். அதான் உன் மூஞ்சியப் பாத்தே பேசறேன். அதான் என் நோட்ட உனக்குன்னே தெனமும் ரெண்டாம் தடவ எழுதுனேன். இத பாரு, இதுக்குன்னு காலேஜ்ல தனி ஒதுக்கீடு இருக்கு. மொத நாள் கவுன்சிலிங்கே இந்த மாதிரி இருக்கறவங்களுக்குத்தான். ஆஸ்டலும் குடுக்கறாங்க. சர்ட்டிபிகேட் வாங்குடி."

பாவம், அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துவிட்டாள். அவள் அப்பா லாரிக்காரர், தறிக்காரர் இல்லை. தறிப்பட்டறையில் காதோடு காதாகச் சொன்னால்தான் ரகசியம். வாயை அசைத்தால் அது தண்டோரா.

நான் நிமிர்ந்தேன். தெய்வானை அத்தையின் தறியில் இழை அறுந்து தறி நின்றுபோயிருந்தது. அவர் முடிச்சுப் போடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பழனியம்மாள் அக்கா தன் தறியை நிறுத்தினார். அம்மா கடைசியாக. பட்டறை வேலை நேரத்தில் இப்படி நின்று நான் பார்த்ததில்லை. மூன்று பேர் முகமும் என் பக்கம்.

ஜீவிதாவைப் பார்த்து, "வெளிய போ" என்றேன். என் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் நடுங்கிப்போனாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று சோறு போடும்போது அம்மா என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குந்தான் கேக்கறதில்ல. தெய்வானைக்குக் கேக்குதா? பழனியம்மாளுக்குக் கேக்குதா? தறியில கெடக்கறவளுக்கு எவளுக்குக் காது கேட்டுச்சு? இதையெல்லாமா ஆசுபத்திரியில போயி எழுதி வாங்குவாங்க? நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தா என்ன சொல்றது?"

"எனக்கு நல்லாக் கேக்குது. அவ ஒரு கிறுக்கி" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தட்டைப் பார்த்துச் சொன்னதால் எனக்குப் பாதிதான் புரிந்தது. தொட்டிலைப் பட்டறை உத்தரத்தில்தான் கட்டியிருந்தாளாம். கரண்டு போய்த் தறி நின்றால்தான் நான் அழுவேனாம். தறி ஓடினால் சமர்த்தாகத் தூங்கிவிடுவேனாம். அதற்கு மேல் அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள், எனக்கு எதுவும் தெரியவில்லை.

பிறகு முந்தானையை விலக்கி, "நெசமாலுமே சீட்டு குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். சின்ன வயதில் சீழ் வந்ததா என்று கேட்டார், அம்மா வந்தது என்றாள். நல்லெண்ணெய் காய்ச்சி விட்டாயா என்றார், அம்மா பெருமையாக ஆமாம் என்றாள். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

பிறகு ஒரு சின்ன அறை. தலையில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் ஒரு கண்ணாடி. அதற்குப் பின்னால் ஒரு சார் பொத்தானை அழுத்துகிறார். அவர் கட்டைவிரலை மறைத்து வைத்திருப்பதாக அவருக்கு நினைப்பு. பின்னால் இருக்கிற பீரோவின் கதவில் அது பளிச்சென்று தெரிகிறது. கட்டைவிரல் அமுங்கும்போதெல்லாம் நான் விரலைத் தூக்கினேன். எல்லாவற்றுக்கும் தூக்கினால் சந்தேகம் வருமென்று நடுவில் இரண்டை விட்டுவிட்டேன். எத்தனை தறிகளை ஒரே சமயத்தில் பார்த்தவள் நான்!

சாதாரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் காது நன்றாக இருக்கிறது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. இனி ஜீவிதா வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம்.

பஸ்ஸில் அம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மே 8, வியாழன்

மதிப்பெண் வந்துவிட்டது. கணக்கு நூறு. தமிழ் அறுபத்தொன்று, வேதியியல் நாற்பத்தெட்டு. மற்றவை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கணக்கு ஒன்றை மட்டும் பார்த்துச் சீட்டு கொடுக்கிற கல்லூரி இந்தப் பூமியில் இல்லையாம்.

தலைமையாசிரியர், "கணக்குல நூறு எடுத்தவளுக்கு மத்ததுல என்னம்மா கேடு?" என்றார். மாஸ்க் இல்லாமல் கேட்டதால் புரிந்தது.

மே 21, புதன்

இந்த மதிப்பெண்ணுக்குப் பொது வரிசையில் விடுதியோடு சீட்டு கிடைக்க வழியே இல்லை என்று வாசுகி டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டினார். டீச்சர் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. நான் முயற்சி செய்தேன்.

முதலாளி பட்டறைக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். புதிதாகப் போட்ட எட்டுத் தறியைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் அம்மா தார் மாற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அந்தாளு கையவே பாத்துட்டிருந்த நீ. பீரோவுல தெரிஞ்சுது. நானும் பாத்தேன். நானும் தறிக்காரிதான்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அம்மா தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எனக்குக் காது போனது ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாம இருந்து என்னத்தக் கண்டேன்? இதே எட்டுத் தறி. நீ கெட்டிக்காரத்தனத்த காலேஜுல போயிக் காட்டு கண்ணு. இங்க காட்டாத."

சொல்லிவிட்டு நாடாவை மாட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும். எழுதிவிட்டேன், போதுமா?

மே 28, புதன்

மறுபடி அதே அறை. அதே சார். "போன மாசந்தானம்மா வந்த? நல்லாத்தான இருந்துச்சு?" என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நானே முந்திக்கொண்டேன். "போன தடவ உங்க கையப் பாத்துத் தூக்குனேன் சார்." அவர் திரும்பி பீரோவைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு அம்மாவை. எழுந்து போய் ஒரு பச்சைத் துணியை எடுத்து வந்து கண்ணாடியில் தொங்கவிடப் பார்த்தார்.

"வேண்டாம் சார். நானே கண்ண மூடிக்கறேன்."

மூடினேன்.

நான் கண்ணை மூடி உட்கார்ந்ததே இல்லை. வகுப்பில், பட்டறையில், பஸ்ஸில், எங்கேயும். மூடினால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் போய்விடுமே. இருட்டில் காதுக்குள் என் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை. வரும் வரும் என்று விரலைத் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. திறந்துவிடலாமா என்று பத்துத் தடவை நினைத்தேன், திறக்கவில்லை.

தோளில் கை விழுந்தது. அம்மாவின் கை. முடிந்துவிட்டிருந்தது.

ஏதோ வந்தது போலத் தோன்றி, விரலை நான்கே முறை தூக்கியிருந்தேன். எத்தனை முறை தூக்கியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த சாரும் சொல்லவில்லை. பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். அங்கே தலையில் ஒயர் ஒட்டி இன்னொரு சோதனை. அதை யாராலும் ஏமாற்ற முடியாதாம். நான் ஏமாற்ற நினைக்கவும் இல்லை.

வெளியே வந்ததும் அம்மாவின் போனில் ஜீவிதாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'நீ சொன்னது சரி. தலைகால் புரியாமல் ஆடாதே.' அவள் அழுகிற பொம்மை பன்னிரண்டு அனுப்பினாள். அழுவதைத் தவிர அவளுக்கு வேறு என்ன தெரியும்? நானும் ஒன்று அனுப்பினேன்.

ஜூன் 2, திங்கள்

கவுன்சிலிங். மருத்துவமனையில் கொடுத்த மாற்றுத்திறனாளி அட்டையில் ஒரே ஒரு எண், அதற்குப் பக்கத்தில் விழுக்காடு. ஐம்பது சொல்லும் வேண்டியிருக்கவில்லை, டிஷ்யூ பேப்பரும் வேண்டியிருக்கவில்லை. கோயம்புத்தூரில் அரசு கல்லூரி, பி.எஸ்சி. கணிதம், விடுதி. கிளார்க் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. அவரைக் கும்பிடலாம் போல இருந்தது. காதுக்கு மெஷின் வர மூன்று மாதம் ஆகும் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள்.

பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். தெய்வானை அத்தை, "எனக்கும் அந்த அட்டை குடுப்பாங்களா?" என்று கேட்டார். அடுத்த புதன்கிழமை மூன்று பேரும் மருத்துவமனைக்குப் போகிறார்களாம். முதலாளிக்கு இன்னும் தெரியாது. அவர் எதிரில் நின்றுதான் பேசி முடிவு செய்தார்கள்.

ஜூன் 30, திங்கள்

முதல் நாள். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பேராசிரியர் ஐம்பது வயதுப் பெண்மணி. நுழைந்தார், சாக்பீஸை எடுத்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டிடம் பேச ஆரம்பித்தார். கோயம்புத்தூரிலும் கரும்பலகைதான் படிக்கிறது.

இரண்டு நிமிடம் பார்த்தேன். பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்க்கலாம். ஒன்றும் தெரியாதது போலத் தலையாட்டிக்கொண்டு இருந்துவிடலாம். அதில் எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம்.

கையைத் தூக்கினேன். அவர் பார்க்கவில்லை. எழுந்து நின்றேன். அறுபது பேர் திரும்பினார்கள். கடைசியில் அவரும் திரும்பினார். "என்னம்மா?" உதட்டில் தெளிவாகத் தெரிந்தது.

ஜீவிதா மிச்சம் வைத்த மூன்று சொல்லே போதுமாக இருந்தது.

"எனக்குக் காது கேக்காது" என்றேன்.

அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, முழுதாக என் பக்கம் திரும்பி நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தார்.